இன்றைக்கு ஒரு ஓமர்

கேள்வி இது: "வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். வருஷங்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால்கூட மனசு பழசில் கிடக்கிறது, இல்லையென்றால் நாளைக்கு ஓடிவிடுகிறது. கையில் இருக்கிற நேரத்தை நன்றியோடு வாழ, விசுவாசத்துக்குள்ளேயே நடைமுறையான வழி ஏதும் உண்டா?"

உண்டு. அதற்கு முன்னால் ஒரு அளவுப் பிழையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். "இந்தக் கணத்தில் வாழுங்கள்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கணம் என்பது கையில் நிற்கிற அளவே இல்லை. அதைப் பிடிக்கப் போனால், 'நான் இப்போது கவனமாகத்தான் இருக்கிறேனா?' என்று தன்னைத்தானே வேவு பார்ப்பதில் போய் முடியும். வேதாகமம் நிகழ்காலத்தை அளக்கிற படி வேறு. அது ஒரு நாள். கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரம் கேட்பது 'இன்று'. லூக்கா அதையே 'அன்றன்றும்' என்கிறார். இரக்கங்கள் புதிதாவது 'காலைதோறும்'. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னபோதும் படி அதே படிதான். ஒரு நாள் என்பது மனுஷனால் தூக்கக்கூடிய எடை. அதில் தொடக்கம், நடு, முடிவு என்று பிடித்துக்கொள்ள மூன்று இடம் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ளச் சரியான இடம் யாத்திராகமம் 16-ம் அதிகாரம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த ஆகாரமான மன்னாவின் கதை ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்ததுதான் என்று தாண்டிவிடாமல், அதை ஒரு பயிற்சிக் கையேடு போல வாசித்துப் பாருங்கள். தலைக்கு ஒரு ஓமர். ஓமர் என்பது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்று அதிகாரத்தின் கடைசி வசனமே சொல்கிறது. நம் கணக்கில் சுமார் இரண்டு லிட்டர். அதைக் காலையில் போய்ப் பொறுக்க வேண்டும், வெயில் ஏறினால் உருகிவிடும். அதிகம் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. மறுநாளைக்கு எடுத்துவைத்தால் பூச்சிபிடித்து நாறியது. அந்தப் பெயரே ஒரு கேள்வி: தரையில் கிடந்ததைப் பார்த்து "இது என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டதிலிருந்து வந்தது. கொத்துமல்லி அளவு, வெள்ளை நிறம், தேனிட்ட பணிகாரம் போன்ற ருசி என்று நிறுத்தி நிதானமாக எழுதிவைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தவர்கள் எழுதியது அது.

இதே ஜனங்கள் எண்ணாகமம் 11-ல் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். எகிப்தில் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், பூண்டு என்று பட்டியல் போட்டுவிட்டு, இப்போது கண்ணுக்கு முன்னால் இந்த மன்னாவைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று அழுதார்கள். செங்கல் சுமந்ததும் அடி வாங்கியதும் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய நாட்கள் நம் மனசிலும் இப்படித்தான் வடிகட்டப்பட்டு நிற்கின்றன. பையன் சின்ன வயதில் எவ்வளவு இனிமை என்று தோன்றும்போது, அந்த வருஷங்களின் இராத்தூக்கமில்லாமையும் பள்ளிக் கட்டணக் கவலையும் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இனிமை பொய் என்பதற்காக அல்ல. இன்றைய நாளை ஒரு பொய்க் கணக்கோடு ஒப்பிட்டுத் தோற்கடிக்காமல் இருப்பதற்காக.

அடுத்தது எண்ணிக்கை. "நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி, எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்ற 90-ம் சங்கீதத்தை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் மிச்ச நாளைத்தான் எண்ணப் பார்க்கிறார்கள். சங்கீதம் சொல்லும் எழுபது வருஷம் ஏறத்தாழ 25,567 நாள். நாற்பத்தைந்து முடிந்தவருக்கு அதில் 16,436 போய்விட்டது, மிச்சம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இப்படிக் கணக்குப் போட்டால் பயம்தான் மிஞ்சும், கணக்கும் தப்பு. அந்த மிச்சம் நமக்குக் காட்டப்படவில்லை. நாம் எண்ணக்கூடியது வந்து சேர்ந்த நாளை மட்டும்தான். எண்ணும் அறிவைக் கேட்ட இரண்டே வசனம் தள்ளி, "காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்" என்று சங்கீதம் ஒரு நாளின் அளவுக்கு இறங்கி வந்துவிடுகிறது.

சரி, நாளை எப்படி எண்ணுவது? இதற்குத் திருச்சபையில் நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை ஒன்று இருக்கிறது: ஆன்ம சோதனை. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் அதற்கு ஐந்து படிகளாக வடிவம் கொடுத்தார். அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலுக்கு 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகாரம் தந்தார். இயேசு சபையினர் மதியமும் இரவும் கால் மணி நேரம் இதைச் செய்வது வழக்கம். புராட்டஸ்டண்ட் சபையில் இருப்பவர்கள் 'அது கத்தோலிக்கருடையது' என்று ஒதுக்க வேண்டியதில்லை. நன்றி, வெளிச்சம் கேட்பது, அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம் என்ற ஐந்தில் சங்கீதப் புத்தகத்தில் இல்லாதது ஒன்றுமில்லை.

இன்றைய நாளை அனுபவிக்கச் சொல்லிவிட்டு அதை முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் தம் அறிக்கைகள் நூலின் பதினோராம் பாகத்தில் இதைத்தான் குடைகிறார். கடந்தது இப்போது இல்லை, வருவது இன்னும் இல்லை, நிகழ்வதோ நிற்பதில்லை. அப்படியானால் காலத்தை எங்கே வைத்து அளக்கிறோம்? மனசில் என்கிறார். கடந்ததன் நிகழ்காலம் நினைவு, வருவதன் நிகழ்காலம் எதிர்பார்ப்பு, நிகழ்வதன் நிகழ்காலம் கவனம். மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்வதை உதாரணம் காட்டுகிறார்: தொடங்கும்முன் முழுதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது, சொல்லச் சொல்ல ஒவ்வொரு அடியாக நினைவுக்குள் போய்ச் சேருகிறது. நினைவில் சேராத நாள் வாழாத நாள் மாதிரிதான் ஆகிவிடுகிறது. ஒரே அச்சில் வார்த்த நாட்கள் தடமில்லாமல் போவதால்தான் வருஷம் வேகமாக ஓடியதுபோல் தெரிகிறது. மாலையில் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் பகலிலேயே கண் திறந்துகொள்ளும். ராத்திரி சொல்ல ஏதாவது வேண்டுமே என்று மனசு பொறுக்கத் தொடங்கிவிடும்.

செய்முறை இதுதான். மொத்தம் பதினைந்து நிமிஷம். படுக்கையில் வேண்டாம், தூங்கிவிடுவீர்கள், நாற்காலியில் உட்காருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தால் மிகவும் நல்லது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும், நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

முதல் நான்கு நிமிஷம் நன்றி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். "சுகத்துக்கு ஸ்தோத்திரம், குடும்பத்துக்கு ஸ்தோத்திரம், வேலைக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். நேற்றும் அதையே சொன்னோம், நாளையும் அதையே சொல்வோம். நேற்றுச் சொல்லியிருக்க முடியாத மூன்று விஷயம் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் கரண்ட் போனபோது பக்கத்து மேஜைக்காரர் விசிறக் கொடுத்த காலண்டர் அட்டை. ரசத்தில் இன்றைக்குப் பெருங்காயம் சரியாக விழுந்தது. ஹாஸ்டலிலிருந்து பையன் பேசும்போது பின்னால் கேட்ட நண்பர்கள் சிரிப்பு. இந்த அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். கொத்துமல்லி அளவு என்றுதானே எழுதியிருக்கிறது.

அடுத்து ஒரு நிமிஷம்: இன்றைய நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேளுங்கள். இது சடங்கு இல்லை. இதைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் நாமே நீதிபதியாக உட்கார்ந்துவிடுவோம்.

பிறகு ஆறு நிமிஷம், மணி மணியாக நாளை நடந்து பார்ப்பது. எழுந்தது, குளித்தது, பஸ், அலுவலகம், சாப்பாடு, திரும்பி வந்தது என்று இடம் இடமாகப் போங்கள். இடம் நினைவுக்கு வந்தால் ஆட்கள் தானாக வருவார்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி: இங்கே எனக்கு என்ன கொடுக்கப்பட்டது? அப்போது என் மனசு எங்கே இருந்தது? நாற்பது நிமிஷப் பஸ் பயணத்தில் ஒன்றுமே நினைவில்லை என்றால், சரி, அதையும் குறித்துக்கொண்டு நகருங்கள். தேடித் துருவ வேண்டாம்.

மன்னிப்புக்கு இரண்டு நிமிஷம் போதும். கடைசி இரண்டு நிமிஷத்தில் நாளைக்காக ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் அல்லது யாரிடத்தில் நான் முழுசாக இருக்கப் போகிறேன்? 'இனிமேல் பொறுமையாக இருப்பேன்' என்பது தீர்மானம் ஆகாது. 'காலையில் அம்மா மாத்திரை கேட்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கொடுப்பேன்' என்பதுதான் தீர்மானம். கர்த்தருடைய ஜெபத்தோடு முடியுங்கள்.

குறிப்பிட்ட ஒரு குறையை விடுவதற்கு இஞ்ஞாசியார் தனியாக ஒரு கட்டமும் போட்டுத் தந்திருக்கிறார். வாரத்துக்கு ஏழு வரிசை; முதல் நாள் கோடு நீளம், போகப் போகக் குட்டை. தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமலே செய்யலாம். பிறகு உட்கார்ந்து கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். எடுத்ததற்கெல்லாம் போனை எடுத்துப் பார்க்கிற இந்தக் காலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. பாக்கெட்டுக்கு ஒருமுறை கை போனால் ஒரு புள்ளி.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படி குற்றப்பத்திரிகை ஆகிவிடுவது முதல் ஆபத்து. பாவப் பயம் அதிகமுள்ளவர்கள் நன்றியை விட்டுவிட்டு நேரே நான்காம் படிக்குப் போய் அரைமணி நேரம் உழல்வார்கள். ஸ்பெயினிலுள்ள மன்ரேசாவில் இஞ்ஞாசியாரே அப்படிப்பட்ட மனச்சஞ்சலத்தில் மாதக்கணக்கில் வதைபட்டவர்தான். நன்றி முதல் படியாக நிற்பது இதற்கு நல்ல மருந்து. அப்படிப்பட்டவர்கள் நான்காம் படியை ஒரு நிமிஷமாகக் குறைத்துக்கொண்டு, ஒரு ஆன்ம வழிகாட்டியிடமோ போதகரிடமோ பேசுவது நல்லது. இதற்கு எதிர்ப்பக்க ஆபத்து, இது 'இன்று நான் சாதித்தவை' என்கிற பட்டியல் ஆவது. மூன்றாவது, ஐந்தாம் படி நாளைய வேலைப் பட்டியலாக நீள்வது. வேலைப் பட்டியல் தலைக்குள் சத்தம் போட்டால், உட்காரும்முன் ஒரு துண்டுச் சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். நேற்றைய மன்னா நேற்றோடு சரி.

காலைக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு வசனம் போதும். மொரேவியச் சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1728-ல் ஜெர்மனியின் சாக்சனியிலுள்ள ஹெர்ன்ஹூட் கிராமத்தில் இதைத்தான் தொடங்கினார்கள்: அன்றைக்கான ஒரு வசனத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்வது. 1731 முதல் அச்சாகி, இன்றுவரை வருஷந்தோறும் வருகிறது. அவர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியவர்கள். நம் வீடுகளில் புத்தாண்டுக்கு வாங்குகிற வாக்குத்தத்த அட்டையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. 365 நாளைக்கு ஒரே வசனத்தை வாங்கி பீரோவில் ஒட்டிவிட்டால் பிப்ரவரியில் அது சுவரோடு சுவராகிவிடும். அட்டை இருக்கட்டும், காலை வசனம் அதன் வேலையைச் செய்யட்டும். போனைத் தொடும்முன் வாசியுங்கள், சத்தமாக ஒருமுறை, மெதுவாக ஒருமுறை.

நடுப்பகலுக்கு ஒரு கொக்கி வேண்டும். கத்தோலிக்கருக்கு மூவேளை செபம் இருக்கிறது: காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடிக்கும்போது வேலை நிற்கும். மணி கேட்காத இடத்தில் இருப்பவர்கள் சாப்பாட்டு ஜெபத்தையே கொக்கியாக்கலாம். கண்ணை மூடும்முன் தட்டை ஐந்து விநாடி பாருங்கள்; ஜெபத்தில் தட்டில் இருக்கிற ஒரு பொருளின் பெயரும் சமைத்தவர் பெயரும் வரட்டும். வேலை நேரத்துக்கோ, பாரிஸ் கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸ் (1614–1691) நல்ல துணை. மடத்துச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். இயல்பாகவே அவருக்கு அடுப்படி வேலை பிடிக்காது என்பதுதான் இதில் முக்கியம். பிடித்த வேலையில் மனசு தானாக நிற்கும். பிடிக்காத வேலையைத் தேவனுக்கு முன்பாகச் செய்வதுதான் பயிற்சி.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மன்னாவின் சட்டம் மாறுகிறது. ஆறாம் நாள் இரண்டு ஓமர் எடுக்கலாம், அது கெடவில்லை. சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து முந்தின நாளே முடித்துவிடச் சொன்னார் மோசே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று பேசுகிற ஆண்கள் இந்த வசனத்தை இரண்டுமுறை வாசிக்க வேண்டும். ஆராதனை முடிந்து வந்த கையோடு ஒருத்தி மட்டும் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் ஓய்வுநாள் நடக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு பேராக உட்கார்ந்து உரித்து, அரைத்து வைத்துவிட்டால் ஞாயிறு மதியம் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

'அப்படியானால் சேமிக்கவே கூடாதா? பையன் படிப்புக்கு?' என்று கேட்கத் தோன்றும். ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்ன யோசேப்பும் இதே வேதத்தில்தான் இருக்கிறார். தடுக்கப்பட்டது கவலை, திட்டம் தடுக்கப்படவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லித் திட்டம் போடத்தான் யாக்கோபும் சொல்கிறார். நடைமுறையில் வித்தியாசம் நேரத்தில் தெரியும்: திட்டத்துக்கு முடிவு உண்டு, கவலைக்குக் கிடையாது. வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம், நோட்டும் பேனாவுமாகப் பண விஷயம், படிப்பு விஷயம் எல்லாம் பாருங்கள். மற்ற நாளில் அது எட்டிப் பார்த்தால் அதன் நாள் எது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

துக்க நாட்களில் இந்த முறை அப்படியே ஓடாது, ஓட்டவும் கூடாது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற தெசலோனிக்கேயர் வசனத்தைச் சாவு வீட்டில் வந்து சொல்கிறவர்கள் உண்டு. அங்கே மூலத்தில் இருப்பது 'எல்லாச் சூழலுக்குள்ளும்' என்பது; நடந்த கேட்டுக்காகவே நன்றி சொல் என்பதல்ல. எபேசியர் 5:20-ல் 'எல்லாவற்றிற்காகவும்' என்றும் வருகிறது, மறைக்கவில்லை; ஆனால் லாசருவின் கல்லறையில் இயேசு ஸ்தோத்திரம் சொல்லும்முன் அழுதார். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் ஜெபப் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் முதல் படியில் மூன்றுக்குப் பதில் ஒன்று போதும். அதுவும் வரவில்லையென்றால் அந்தச் சங்கீதத்தை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு என்று எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. மன்னாவைப் பொறுக்கக் குனிய முடியாதவனுக்காக வேறொருவன் பொறுக்கிக் கொடுத்திருப்பான்.

யாத்திராகமம் 16-ல் கடைசியாக ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. எடுத்துவைத்தால் நாறுகிற அதே மன்னாவில் ஒரு ஓமரை மட்டும் கலசத்தில் போட்டுத் தலைமுறைகளுக்காக வைக்கச் சொன்னார் கர்த்தர். அது கெட்டதாகச் சொல்லப்படவில்லை. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பதுக்கினது நாறியது, கொடுத்தவரை மறக்காமலிருக்க வைத்தது நின்றது. போனில் கிடக்கிற பதினாயிரம் போட்டோக்களைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. உங்கள் கலசத்துக்கு எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் எழுத வேண்டாம், எழுத்து வேலையானால் மூன்றாம் வாரம் நின்றுவிடும். மாதக் கடைசி இரவில் மட்டும், அந்த மாதத்தில் நன்றி சொன்னவற்றில் இன்னும் மனசில் நிற்கிற ஒன்றைத் தேதியோடு ஒரே வரியில் எழுதுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும்முன், லீவுக்குப் பையன் வந்திருப்பான், அந்தப் பன்னிரண்டு வரியையும் வீட்டில் எல்லோரும் கேட்க வாசியுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பிறகு போய் வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொள்ளலாம்.